பன்றி செத்தால் முதல் போன் உங்களுக்கு வர வேண்டும்: கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும், ஊர் ஊராகப் பைக்கில் அலையும் கால்நடை உதவி மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் வெண்பன்றி வளர்க்கிறவன். சின்னப் பண்ணைதான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கத்தான் இதை எழுதுகிறேன். ஒருவன் கொட்டகையில் பன்றி செத்து விழுந்தால் அவன் வியாபாரியைக் கூப்பிடும் முன்னால் உங்களைக் கூப்பிட வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி விதிகளை மாற்றுங்கள். இப்போது இருக்கிற கணக்கில் உண்மையைச் சொல்கிறவன் எல்லாவற்றையும் இழக்கிறான், வாயை மூடிக்கொண்டு மிச்சத்தை விற்கிறவன் கையில் கொஞ்சமாவது காசு நிற்கிறது. இதை அப்படியே வைத்துக்கொண்டு எத்தனை விழிப்புணர்வு முகாம் நடத்தினாலும், எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் நோய் நமக்கு முன்னால்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பொதுவில் எழுதுவதால் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1921இல் கென்யாவில் முதலில் விவரிக்கப்பட்ட நோய் இது. அங்கே வார்ட்ஹாக் என்ற காட்டு விலங்கின் உடம்பில் இந்த வைரஸ் பெரிதாக எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும், அதன் வளையில் வாழும் ஒருவகை உண்ணி அதைப் பரப்பும். வீட்டுப் பன்றிக்கு வந்தால் மட்டும் பட்டி பட்டியாகச் சாகும். 1957இல் லிஸ்பன் விமான நிலையத்துப் பக்கம், விமானத்தில் மிஞ்சிய சாப்பாட்டைப் பன்றிக்குப் போட்டதில் போர்ச்சுகலுக்குள் நுழைந்தது. 2007இல் ஜார்ஜியா, 2018 ஆகஸ்டில் சீனா, 2020இல் நம் அசாமும் அருணாசலப் பிரதேசமும். அசாமில் பிரம்மபுத்திராவில் பன்றிச் சடலங்கள் மிதந்து வந்ததையும், காசிரங்காவில் காட்டுப்பன்றிகள் ஊர்ப்பக்கம் வராமல் தடுக்க வனத்துறை கால்வாய் வெட்டியதையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடியில் உறுதியானது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தன, பரிசோதித்தால் இதே நோய். ஆக, இது வடகிழக்கு மாநிலத்துச் சமாச்சாரம் என்று யாரும் இனிமேல் சொல்ல முடியாது.

இப்போது ஒரு பண்ணைக்குள் வாருங்கள். முதல் நாள் ஒரு பன்றி தீனி எடுக்காமல் மூலையில் படுக்கும். தொட்டால் கொதிக்கும், காய்ச்சல் 105, 106 டிகிரி இருக்கும். வெயில் காலமாக இருந்தால் சூடு தாங்கவில்லை என்று தண்ணீரை ஊற்றுவோம். மழைக்காலம் என்றால் தொண்டை அடைப்பானாக இருக்குமோ என்று தோன்றும். தீனியில் ஏதாவது கெட்டுப் போயிருக்கும் என்று ஒருவர் சொல்வார். மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் ஊசி வாங்கி நாமே போடுவோம், இரண்டு நாள் பார்ப்போம். இது முட்டாள்தனம் என்று நினைக்க வேண்டாம். எரிசிபெலாஸ் மாதிரி பாக்டீரியா நோய்களிலும் காய்ச்சலும் தோலில் சிவப்புத் திட்டும் வரும், அது பென்சிலினுக்குக் கேட்கும், அப்படிப் பிழைத்த பன்றிகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் வந்திருப்பது வைரஸ் என்றால் ஊசி எதுவும் செய்யாது. காதும் அடிவயிறும் காலும் நீலம் பாய்ந்த மாதிரி கறுக்கும், சில பன்றிக்கு மூக்கில் ரத்தம் வரும், சினையாக இருப்பது குட்டி வீசிவிடும், சிலது எந்த அறிகுறியும் காட்டாமல் காலையில் செத்துக் கிடக்கும். ஒரு வாரம் பத்து நாளில் கொட்டகையில் பாதி போயிருக்கும். சாதாரணப் பன்றிக் காய்ச்சலா, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்து மருத்துவர்கூடச் சொல்ல முடியாது. பிசிஆர் பரிசோதனை வேண்டும், மாதிரி போபாலில் இருக்கும் தேசிய ஆய்வகம் போன்ற ஓர் இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஊசி போட்டுப் பார்க்கும் இரண்டு மூன்று நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏனென்றால் அப்போது மிச்சப் பன்றிகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். வைரஸ் உள்ளே போய் அறிகுறி வெளியே தெரிய நான்கு நாளும் ஆகலாம், இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பண்ணைக்காரனுக்கு மனதில் சந்தேகம் வந்துவிட்டது, உறுதியாகத் தெரியாது. வியாபாரி வண்டியோடு வரத் தயார். விலையைக் குறைத்துக் கேட்பார், ஆனால் கையில் ரொக்கம். பாங்குக் கடன், தீவனக் கடை பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்தப் பன்றிகளின் முதுகில்தான் நிற்கிறது. இந்தப் பக்கம் உங்களுக்குப் போன் செய்தால் என்ன நடக்கும்? உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள எல்லாப் பன்றியையும் கொன்று புதைக்க வேண்டும், பத்து கிலோமீட்டர் கண்காணிப்புப் பகுதி, அதில் விற்கவோ வாங்கவோ கொண்டு போகவோ முடியாது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட செயல்திட்டம் சொல்வது இதுதான். நோயை அடக்க இது தேவை, இதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் போன் போட்டவன் தன் பன்றியை மட்டும் இழக்கவில்லை, பக்கத்துப் பண்ணைக்காரர்களின் பன்றிக்கும் அவன்தான் காரணம் என்று ஊரில் பெயர் வாங்குகிறான்.

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி தகவல் சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை என்று நீங்கள் சொல்லலாம். சரி, கடமைதான். ஆனால் சட்டப் புத்தகத்தைக் காட்டி இந்த மூன்று நாள் பயத்தை ஜெயிக்க முடியாது.

பயந்தவன் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவைப் பாருங்கள். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் முடிவு செய்தார்கள். கொசுவுக்கு மருந்து அடித்தார்கள், ஆட்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. இதற்குள் நோய் பிடித்த பன்றிகள் தெற்கே நெகிரி செம்பிலானுக்கு விற்கப்பட்டு, அங்கேயும் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். 1999 மார்ச்சில்தான் இது வேறு ஒரு புது வைரஸ் என்று தெரிந்தது. சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அதை நிப்பா என்கிறோம், இன்றைக்குக் கேரளத்தில் அடிக்கடி கேள்விப்படும் அதே நிப்பா. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதனுக்கு வராது, அதனால் அந்த அளவுப் பயம் இங்கே தேவையில்லை. ஆனால் வைரஸ் பரவிய வழியைப் பாருங்கள், லாரியில் ஏற்றி விற்ற பன்றிதான். வைரஸுக்குக் கால் கிடையாது, பயந்துபோன பண்ணைக்காரனும் அவசரப்படும் வியாபாரியும் சேர்ந்துதான் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கிறார்கள்.

இழப்பீட்டுக்கு வருகிறேன். வயநாட்டில் 2022இல் அறிவித்த விகிதம் எனக்கு நினைவிருக்கிறது. 15 கிலோ வரையுள்ள குட்டிக்கு 2,200 ரூபாய், 40 கிலோ வரை 5,800, 70 கிலோ வரை 8,400, 100 கிலோ வரை 12,000, அதற்கு மேல் 15,000. விற்கும் நிலையில் இருக்கும் பன்றிக்கு இது மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை, இந்தப் பணம் அரசு கொன்ற பன்றிக்குத்தான். நோயில் தானாகச் செத்த பன்றிக்குக் கிடையாது. யோசித்துப் பாருங்கள், ஒருவன் நேர்மையாக முதல் நாளே தகவல் சொல்கிறான், மாதிரி எடுத்து, அனுப்பி, முடிவு வந்து, ஆட்சியர் உத்தரவு வந்து, குழு வந்து சேர்வதற்குள் அவன் கொட்டகையில் பாதி செத்துவிடும். அந்தப் பாதிக்கு ஒரு ரூபாய் கிடையாது. அதாவது அரசு இயந்திரம் மெதுவாக நகர்ந்த ஒவ்வொரு நாளுக்கும் அவன் தன் கையிலிருந்து கொடுக்கிறான். தகவல் பதிவான நேரத்தில் எத்தனை பன்றி உயிரோடு இருந்ததோ அத்தனைக்கும் பணம் என்று விதி வையுங்கள். போன் வந்த அன்றே கால்நடை ஆய்வாளர் நேரில் வந்து தலை எண்ணிப் போட்டோ எடுத்துக் கையெழுத்து வாங்கட்டும். முடிவு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று வந்தால் அந்த எண்ணிக்கைதான் கணக்கு, அதற்குப் பிறகு செத்ததா கொன்றதா என்று பார்க்கக் கூடாது. என் மொத்தக் கோரிக்கையில் இந்த ஒன்றை மட்டும் செய்தால்கூடப் போதும், நிலைமை தலைகீழாக மாறும். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் சீக்கிரம் சொல்கிறவனுக்குத்தான் லாபம்.

இரண்டாவது, சினைப்பன்றியும் தாய்ப்பன்றியும் எடைக் கணக்கில் வரக் கூடாது. ஒரு பெட்டைக்குட்டி முதல் சினை பிடிக்க எட்டு மாதம் ஆகும். சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். அப்புறம் பிறந்த குட்டி விற்கும் எடைக்கு வர இன்னும் ஆறேழு மாதம். கொட்டகையைக் கழுவி, மருந்தடித்து, காலியாகப் போட்டு, மறுபடி பன்றி விட அனுமதி வாங்கும் காலம் இதற்கு மேல். குட்டியில் தொடங்குகிறவனுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒரு ரூபாய் வருமானம் இல்லை. ஓர் ஈற்றுக்கு எட்டு, பத்துக் குட்டி போடும் தாய்க்கு இறைச்சி விலை போட்டுக் கொடுத்தால் அவன் மறுபடி எழுந்திருக்கவே முடியாது. விகிதத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு என்பதும், பாதிப் பணம் அங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். மாநிலம் தன் பங்குக்கு மேலே கொஞ்சம் சேர்க்கலாம், அல்லது தடைக்காலம் முடிந்ததும் குட்டிகளாகக் கொடுக்கலாம், அரசுப் பண்ணைகளிலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் நல்ல யார்க்சயர் இன வெண்பன்றிக் குட்டிகள் இருக்கின்றன.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் ஸ்பெயினைப் பார்க்கலாம். 1960இல் அங்கே நோய் புகுந்தது, இருபத்தைந்து வருடம் விடாமல் ஆட்டிப் படைத்தது. 1985இல் ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். பண்ணைக்கு நேரில் போகும் மருத்துவக் குழுக்கள், ரத்தப் பரிசோதனை, கொட்டகையைச் சீர்செய்ய உதவி, கொன்ற பன்றிக்கு ஒழுங்கான இழப்பீடு. 1995இல் நோய் இல்லாத நாடானார்கள். கையில் தடுப்பூசி எதுவும் இல்லாமல் செய்தது இது. இப்போது வியட்நாமில் தடுப்பூசி வந்திருக்கிறது, நமக்கு எப்போது வரும் என்று பலர் கேட்கிறார்கள். வரட்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்க நம்மால் முடியாது.

பெயர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதனால் போகிற காசும் எங்களுடையதுதான். 2009இல் மனிதர்களுக்குப் பரவிய எச்1என்1 சளிக்காய்ச்சலையும் தமிழ்ப் பத்திரிகைகள் பன்றிக் காய்ச்சல் என்றுதான் எழுதின, இன்றும் எழுதுகின்றன. பன்றிக்கு மட்டும் வருகிற, தடுப்பூசி உள்ள பழைய நோய்க்கும் அதே பெயர். அதன் முன்னால் ஆப்பிரிக்க என்று சேர்த்தால் மூன்றாவது நோய். மூன்றும் வேறு வேறு வைரஸ், ஒன்றுக்கொன்று சொந்தம்கூடக் கிடையாது. 2009 ஏப்ரலில் எகிப்து அரசு இந்தக் குழப்பத்தில் நாட்டில் இருந்த மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. பன்றிகளிடமிருந்து அந்தக் காய்ச்சல் அங்கே யாருக்கும் வரவில்லை, கெய்ரோவில் குப்பை பொறுக்கி அதில் பன்றி வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள்தான் தெருவுக்கு வந்தன. அதனால் உங்கள் செய்திக்குறிப்பில் முதல் வரியிலேயே எழுதுங்கள்: இந்த நோய் மனிதருக்கு வராது, நன்றாக வேகவைத்த பன்றி இறைச்சியால் ஆபத்தில்லை, இது எச்1என்1 கிடையாது. கடைசிப் பத்தியில் போட்டால் எந்த நிருபரும் அதை எடுக்க மாட்டார்.

பண்ணைக்காரருக்குச் சொல்லும்போதும் இந்தத் தெளிவு வேண்டும். பழைய நோய்க்கு ஊசி போட்டாச்சு, அதனால் என் பன்றிக்கு ஒன்றும் வராது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஊசியைக் கட்டாயம் போட வேண்டும், நாட்டிலேயே தயாராகிறது, அதைப் போட்ட பண்ணையில் பன்றி செத்தால் சந்தேகம் உடனே மற்றதன் மேல் திரும்பும், அதுவே பெரிய உதவி. ஆனால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு அது தடுப்பு ஆகாது என்பதை முகாமில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அடுத்து ஓட்டல் மிச்சம். நகரத்தைச் சுற்றியுள்ள பண்ணைகள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன, கம்பெனித் தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாது. ஆபத்து எங்கே இருக்கிறது என்றால் அந்த மிச்சத்தில் கலந்து வரும் பன்றி இறைச்சித் துண்டுகளில். உறைந்த இறைச்சியில் இந்த வைரஸ் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், உப்புப் போட்டுப் பதப்படுத்தினாலும் மாதக்கணக்கில் தாங்கும். உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி, 90 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே கொதிக்க வைக்க வேண்டும் என்கிறது. தினமும் டிரம் கணக்கில் வரும் மிச்சத்தை ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கும் விறகுச் செலவை யாராவது கணக்குப் போட்டார்களா? ஒரே அடியாகத் தடை போட்டால் இரவில் வாங்கிப் பச்சையாகவே போடுவார்கள். அதற்குப் பதிலாக, பத்துப் பண்ணைக்குப் பொதுவாக ஒரு கொதிகலன் அமைக்க மானியம் கொடுங்கள், உள்ளாட்சியோடு பேசி இறைச்சி மிச்சத்தை ஓட்டலிலேயே தனி வாளியில் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிப்பது பெரிய வேலை இல்லை, பன்றி இறைச்சி சமைக்கும் ஓட்டல்கள் கொஞ்சம்தான்.

காட்டோரப் பண்ணைகளுக்கு வேலி மானியம் கொடுப்பதும் இதே மாதிரி அவசரமான ஒன்று. நீலகிரியிலும் அதன் அடிவாரத்திலும் காட்டுப்பன்றி ராத்திரியில் கொட்டகை வரை வருகிறது. செத்த காட்டுப்பன்றியைப் பார்த்தால் வனத்துறைக்காரர் உங்களுக்கு அன்றே சொல்கிறாரா, நீங்கள் சுற்றியுள்ள பண்ணைகளுக்கு அன்றே சொல்கிறீர்களா? ஒரு வாட்ஸப் குழு போதும் இதற்கு.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பன்றி வளர்க்கிறவன் என்றாலே ஊரில் முகம் சுளிக்கிறார்கள். மாடு செத்தால் துக்கம் கேட்க வருவார்கள், பன்றி செத்தால் நல்லதாகப் போயிற்று, நாற்றம் ஒழிந்தது என்பார்கள். நகராட்சியில் புகார் போகும். நாலைந்து நாட்டுப் பன்றியை வீட்டுப் பின்னால் கட்டி வளர்க்கும் குடும்பங்களுக்குப் பட்டாவும் இருக்காது, எந்த அலுவலகத்திலும் பதிவும் இருக்காது. நோய் முதலில் வருவதும் பல நேரம் அங்கேதான், கடைசியில் தெரிவதும் அங்கேதான். பதிவு இல்லாத பன்றிக்கு இழப்பீடு இல்லை என்று யாராவது ஒரு வரி எழுதிவிட்டால், அத்தனை பேரும் ராத்திரியோடு ராத்திரியாகப் பன்றியை இடம் மாற்றுவார்கள். அவர்களுக்கு ஒரு சின்ன அடையாள அட்டை கொடுங்கள், கட்டணம் இல்லாமல், இடத்துக்கு ஆவணம் கேட்காமல். சடலத்தை ஆற்றிலும் ஓடையிலும் போடாதே என்று சொல்லும்போது, எங்கே புதைப்பது, குழியை வெட்ட ஜேசிபிக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இடமே இல்லாதவன் எங்கே ஆறடிக் குழி வெட்டுவான்?

களத்தில் வேலை செய்யும் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. நோய் உள்ள பண்ணையில் நின்றுவிட்டு அதே பூட்ஸோடு அடுத்த பண்ணைக்குப் போகும் நெருக்கடியில் உங்களை வைத்திருப்பது உங்கள் தவறு இல்லை, ஆள் பற்றாக்குறை. சந்தேகம் உள்ள பன்றியைக் கொட்டகையிலேயே அறுத்துப் பார்க்கச் சொல்லி நாங்கள் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த ரத்தம் ஒவ்வொரு சொட்டும் வைரஸ். ஏன் மறுக்கிறீர்கள் என்பதை மட்டும் நின்று இரண்டு நிமிடம் விளக்குங்கள், எங்களுக்குப் புரியும்.

கடைசியாக, விற்பனை. இங்கே வளரும் பன்றியில் பெரும்பகுதி கேரளத்துக்குத்தான் போகிறது. 2022 ஜூலையில் கேரளம் வெளிமாநிலப் பன்றிக்குத் தடை போட்டபோது எடை முற்றிய பன்றிகளை வைத்துக்கொண்டு தீனி போட முடியாமல் எத்தனை பேர் தவித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நோய் எங்கோ இருக்க, சுத்தமான பண்ணையும் சேர்ந்து அடி வாங்கியது. பரிசோதித்து நோய் இல்லை என்று சான்று பெற்ற பண்ணையிலிருந்து பன்றி போகலாம் என்று இரண்டு மாநிலத் துறைகளும் முன்கூட்டியே உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாமே. நோய் வந்த பிறகு பேச ஆரம்பித்தால் பேச்சு முடிவதற்குள் பண்ணை முடிந்துவிடும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஒரு பலகை வையுங்கள். பன்றி செத்தால் யாருக்குப் பேச வேண்டும், எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், எத்தனை நாளில் முடிவு தெரியும், எந்தப் பன்றிக்கு எவ்வளவு பணம், அது எத்தனை நாளில் பாங்குக் கணக்கில் ஏறும். இந்த ஐந்தையும் தமிழில், பெரிய எழுத்தில். கூடவே, தகவல் பதிவான நேரத்து எண்ணிக்கைக்கு இழப்பீடு என்ற விதி மாற்றத்துக்கு மத்திய அரசுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அதில் கையெழுத்துப் போடப் பண்ணைக்காரர்கள் நாங்கள் மாவட்டம் மாவட்டமாக வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வெண்பன்றி வளர்க்கும் ஒருவன்